கிள்ளானைக் காப்பாற்றிய வாய்க்கால்கள்

நான் கிள்ளானில் வளர்ந்தவள். இப்போது கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார இறுதியில் பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து கிள்ளான் வரும். அதே ரயில் இன்னும் சற்றுத் தூரம் ஓடி போர்ட் கிள்ளானில் நிற்கும். சிறு வயது முதல் இந்தப் பாதையில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அங்கே என்ன நடந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சென்ற பருவத்தில் பொதுச் சுகாதாரப் பாட வகுப்பில் விரிவுரையாளர் திரையில் ஓர் அட்டவணையைக் காட்டினார். அதன் தலைப்பில் என் ஊரின் பெயர் இருந்தது. கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் 1901ஆம் ஆண்டில் பதிவான மரணங்கள் 582. அடுத்த ஆண்டு 144. ஒரே ஆண்டில் ஓர் ஊரின் மரணக் கணக்கு நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. புதிதாக ஒரு மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. தடுப்பூசியும் வரவில்லை. அப்படியானால் அந்த ஆண்டு என்னதான் நடந்தது? அந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு அறிமுகமானவர் டாக்டர் மால்கம் வாட்சன்.

கெட்ட காற்று

வாட்சனின் கதையைப் புரிந்துகொள்ள, அவர் காலத்துக்குச் சற்று முன்னே போகவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தொற்றுநோய்கள் அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றால் வருகின்றன என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினர். காலராவுக்கும் அதே காரணத்தைத்தான் சொன்னார்கள். மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

அந்த நம்பிக்கையில் முதல் ஓட்டையைப் போட்டவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. 1854இல் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகளை அவர் கணக்கெடுத்தார். பெரும்பாலோர் ஒரே அடிபம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று தெரிந்தது. காலரா காற்றில் வரவில்லை, குடிநீரில் வருகிறது என்று அவர் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1884இல், ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தெளிவாக அடையாளம் காட்டினார். சுத்தமான தண்ணீர் காலராவைத் தடுக்கும். நோய் வந்துவிட்டால், உடல் இழக்கும் நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடுகட்டினால் உயிர் பிழைக்கும். இன்று இதை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம்.

மலேரியாவின் ரகசியம் இன்னும் சில காலம் மறைந்திருந்தது. சென்னை மாகாணப் பிரிவைச் சேர்ந்த இராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது மலேரியாக் கிருமியைக் கண்டார். நோயைச் சுமந்து வருவது அனோபிலஸ் என்ற இனத்துக் கொசு. அதிலும் பெண் கொசு மட்டுமே மனித இரத்தத்தைக் குடிக்கிறது. அது ஒரு நோயாளியைக் கடிக்கும்போது கிருமியை வாங்கிக்கொள்கிறது. கிருமி அதன் உடலில் ஏறக்குறைய இரண்டு வாரம் வளர்கிறது. பிறகு அதே கொசு இன்னொருவரைக் கடிக்கும்போது நோயைக் கொடுக்கிறது.

கண்டுபிடிப்பு காகிதத்தில் இருந்தது. அதை வைத்து ஓர் ஊரைக் காப்பாற்ற முடியுமா என்பதைத்தான் இனி யாராவது செய்து காட்ட வேண்டியிருந்தது.

1901, கிள்ளான்

மால்கம் வாட்சன் 1873இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1900இல் மலாயா அரசு மருத்துவப் பணியில் சேர்ந்து, 1901 தொடக்கத்தில் கிள்ளான் வட்டார மருத்துவராக வந்தார். அப்போது அவருக்கு வயது 27. என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அன்றைய கிள்ளான் சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிறிய ஊர். ஊரைச் சுற்றிச் சதுப்பு நிலமும் காடும். ஆற்றின் முகத்துவாரத்தில் அலையாத்திக் காட்டை ஒட்டிப் புதிய துறைமுகம் ஒன்றை அரசு கட்டிக்கொண்டிருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயரிடப்பட்ட அந்தத் துறைமுகம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். சிலாங்கூரின் ஈயமும் ரப்பரும் அந்த வழியாகத்தான் கப்பலேற வேண்டும். தமிழகத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் பலரும் அங்கேதான் இறங்குவார்கள்.

1901 செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே அங்கே வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். முதலில் உடலைக் குலுக்கும் குளிர், பிறகு கொதிக்கும் சூடு, அதன்பின் வியர்வை. ஒருநாள் விட்டு ஒருநாள் அது திரும்ப வரும். கிருமி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறும் ஒவ்வொரு தடவையும் இந்தக் காய்ச்சல் எழும். கடுமையான வகை மூளையைத் தாக்கினால் சில நாள்களிலேயே உயிர் போய்விடும். இரண்டே மாதங்களில் புதிய துறைமுகத்தை மூட வேண்டிய நிலை வந்தது.

மருந்தா, மண்வெட்டியா?

அப்போது மலேரியாவைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, எல்லாருக்கும் கொயினா கொடுத்து மனித உடலிலேயே கிருமியை அழிப்பது. காலராக் கிருமியை அடையாளம் காட்டிய அதே கோக் இந்த வழியை ஆதரித்தார். மற்றது, கொசு முட்டையிடும் தண்ணீரையே இல்லாமல் செய்வது. இது ராஸின் வழி.

கொயினாவை நம் தோட்டத்து முன்னோர்கள் நன்றாக அறிவார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்தி அந்தக் கசப்பு மருந்தைக் கொடுப்பார்களாம். தன் அம்மா சொல்லக் கேட்டதாக என் பாட்டி இதைச் சொல்லியிருக்கிறார். கொயினா பல உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் நாள் தவறாமல் அத்தனை பேரும் குடித்தால்தான் அது வேலை செய்யும். குடிப்பதை நிறுத்திய மறுவாரமே கொசு மீண்டும் கடிக்கும்.

வாட்சன் நோயாளிகளுக்குக் கொயினா கொடுத்தார். ஆனால் மருத்துவமனைக் கட்டிலோடு தன் வேலை முடிந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை. நோயாளிகள் எந்தத் தெருவிலிருந்து, எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று குறித்தார். அந்த வீடுகள் சதுப்பு நிலத்துக்கும் காட்டோரத்துக்கும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்தார். லண்டனில் ஜான் ஸ்நோ செய்த வேலையும் இதுதான். அங்கே அடிபம்பு இருந்த இடத்தில் இங்கே சதுப்பு இருந்தது. ஊரை ஒட்டிய சதுப்புகளை வடிக்க வேண்டும், காட்டை வெட்டித் திறக்க வேண்டும், பள்ளங்களை மண்ணிட்டு நிரப்ப வேண்டும் என்று அவர் அரசிடம் கேட்டார். அரசு பணம் ஒதுக்கியது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் வாய்க்கால் வெட்டும் வேலை நடந்தது.

வகுப்பில் நான் பார்த்த அட்டவணை அந்த வேலையின் பலன்தான். காய்ச்சலால் இறந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 1901இல் 368 பேர், 1902இல் 59 பேர்.

இந்த இடத்தில்தான் வாட்சன் மீது எனக்கு மரியாதை கூடியது. எண்ணிக்கை குறைந்ததும் அவர் கொண்டாடிவிட்டு உட்காரவில்லை. அந்த ஆண்டு மழை குறைவாக இருந்திருக்கலாம், நோய் தானாகவே தணிந்திருக்கலாம் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? அதற்காக வாய்க்கால் வெட்டப்படாத சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தார். அங்கே மரணம் குறையவில்லை. 1904இன் இறுதியில் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார். கிள்ளான் ஊரில் 173 குழந்தைகளில் ஒருவருக்கும், துறைமுகத்தில் 87 குழந்தைகளில் ஒருவருக்கும் மட்டுமே கிருமி இருந்தது. வட்டாரத்தின் மற்ற பகுதிகளில் 298 குழந்தைகளில் 101 பேருக்குக் கிருமி இருந்தது. ஒரே வட்டாரம், ஒரே மழை. ஒரு பக்கம் வாய்க்கால் இருந்தது, மறுபக்கம் இல்லை. அறிவியல் பாடத்தில் கட்டுப்பாட்டுக் குழு என்று நாம் படிப்பதை அவர் இப்படி ஊர்களை வைத்தே செய்துவிட்டார்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், அதே காலத்தில் லாகூர் அருகே மியான் மீர் என்ற இராணுவக் குடியிருப்பில் கொசு ஒழிப்புச் சோதனை ஒன்று நடந்து தோல்வியில் முடிந்தது. கொசுவை ஒழித்து மலேரியாவைத் தடுக்க முடியாது என்று பலர் பேசத் தொடங்கினர். அவர்களுக்கு எதிராக ராஸ் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று நம் கிள்ளான்.

மலையில் தோற்ற மருந்து

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு வெற்றிக் கதை மட்டுமே. அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம்.

ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சமவெளியைத் தாண்டிக் குன்றுப் பகுதிகளிலும் காடு அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள்களை அழைத்து வந்தார்கள். புதிய தோட்டங்களின் லயங்களில் அந்த ஆள்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். சில தோட்டங்களில் ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்தில் ஒருவர் என்றால், ஒரு லயத்தில் அழுகைச் சத்தம் கேட்காத வீடே இருந்திருக்காது.

அரசுப் பணியை விட்டு விலகித் தோட்டங்களின் மருத்துவரான வாட்சன், கிள்ளானில் வென்ற அதே முறையை அங்கேயும் கையாண்டார். காட்டை வெட்டினார்கள். குன்றுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடவிட்டார்கள். மலேரியா குறையவில்லை. சில இடங்களில் முன்பைவிட மோசமானது.

காரணத்தை அவர் கொசுவிடமே தேடினார். கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பியது அனோபிலஸ் அம்ப்ரோசஸ் என்ற வகை. அதற்கு நிழல் வேண்டும். காட்டுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் வேண்டும். காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டு நீரை வடித்தால் அது அழிந்துவிடும். குன்றுப் பகுதியில் பரப்பியதோ அனோபிலஸ் மாக்குலேட்டஸ் என்ற வேறு வகை. அதற்கு வெயில் வேண்டும். ஊற்றிலிருந்து கசிந்து ஓடும் தெளிந்த நீர் வேண்டும். காட்டை வெட்டி, வெயிலில் மின்னும் சுத்தமான ஓடைகளை உண்டாக்கியபோது, மனிதர்களே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கொசுவுக்கு நஞ்சாக இருந்தது இன்னொரு கொசுவுக்கு விருந்தாகிவிட்டது.

இதைக் கண்டுபிடித்ததைவிட, முதல் முயற்சி தோற்றதை மறைக்காமல் எழுதியதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. 1911இல் வெளிவந்த அவருடைய மலேரியாத் தடுப்பு நூலில் வெற்றியும் தோல்வியும் தோட்டம் தோட்டமாகப் பதிவாகியிருக்கின்றன.

மண்ணுக்கடியில் ஓடிய தண்ணீர்

குன்றுப் பள்ளங்களுக்கு வாட்சன் கண்ட வழி, தண்ணீரை வெளியே காட்டாமல் கொண்டுபோவது. பள்ளத்தின் அடியில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்து மேலே மண்ணை மூடினார்கள். ஊற்றுநீர் குழாய்க்குள் இறங்கி மண்ணுக்கடியிலேயே ஓடியது. தண்ணீரின் முகமே தெரியாதபோது கொசு எங்கே முட்டையிடும்? குழாய் பதிக்க முடியாத இடங்களில் நீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப்புழு நீரின் மேல்பரப்புக்கு வந்துதான் மூச்சுவிட வேண்டும். எண்ணெய்ப் படலம் அதன் மூச்சை அடைத்துவிடும்.

பத்து தீகாவுக்கு அருகில் இருந்த சீபீல்ட் தோட்டம், அவர் இப்படிப் பணியாற்றிய குன்றுத் தோட்டங்களில் ஒன்று. அந்தத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்றைய சுபாங் ஜெயாவும் யூ.எஸ்.ஜே.யும் எழுந்து நிற்கின்றன. நாம் பேரங்காடிக்கும் கல்லூரிக்கும் போகிற அந்த இடத்தில் ஒரு காலத்தில் தமிழ்க் குழந்தைகள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

எந்தத் தோட்டத்தில் நோய் எவ்வளவு இருக்கிறது என்று அறிய அவர் பயன்படுத்திய கருவி மிக எளியது. அது அவருடைய கைதான். மலேரியா அடிக்கடி வந்தால், உடைந்த சிவப்பணுக்களை வடிகட்டி வடிகட்டி மண்ணீரல் வீங்கிவிடும். குழந்தையின் இடப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தால் அது கையில் தட்டுப்படும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தின் நிலை தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணினால், வாய்க்கால் பலன் தந்ததா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

எல்லாக் கொசுவையும் ஒழிக்க முயலாமல், அந்தந்த இடத்தில் நோய் பரப்பும் வகையை மட்டும் கண்டறிந்து, அதன் பழக்கத்துக்கு ஏற்பத் தடுப்பது என்ற இந்த முறை இங்கிருந்துதான் வெளியே பரவியது. டச்சு அறிஞர் சுவெலன்கிரேபல் மலாயாவுக்கு வந்து வாட்சனின் பணியைப் பார்த்துவிட்டு, அதை இன்றைய இந்தோனேசியாவில் வளர்த்தெடுத்தார்.

பட்டமும் கேள்வியும்

1924இல் வாட்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1920களின் இறுதியில் அவர் மலாயாவை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பி, ராஸ் பெயரில் அமைந்த ஆய்வுக் கழகத்தில் பணியாற்றினார். ஆப்பிரிக்காவில், இன்றைய ஸாம்பியாவின் செப்புச் சுரங்கப் பகுதியிலும் கிள்ளானில் கற்ற பாடத்தைப் பயன்படுத்தினார். 1955இல் காலமானார்.

அவரைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கேள்வி என்னை உறுத்தியது. அரசு பணம் ஒதுக்கியது துறைமுகம் மூடப்பட்டதால்தானே? தோட்ட முதலாளிகள் குழாய் பதித்தது, ஆள்கள் இறந்தால் ரப்பர் பால் வெட்ட ஆளிருக்காது என்பதால்தானே? உண்மைதான். செத்தவருக்குப் பதில் புதிய ஆளைக் கொண்டுவரும் செலவைவிட வாய்க்கால் செலவு குறைவு என்று வாட்சனே முதலாளிகளுக்குக் கணக்குக் காட்டி வாதாட வேண்டியிருந்தது. ஓர் உயிரின் மதிப்பை வெள்ளிக் கணக்கில் சொன்னால்தான் காது கேட்கும் காலம் அது. அந்தக் கணக்கை அவர் நம் ஆள்கள் உயிரோடிருப்பதற்குப் பயன்படுத்தினார் என்பதையும் மறுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. வாட்சனின் பெயர் நூல்களில் இருக்கிறது. முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. காய்ச்சலில் விழுந்த அதே தொழிலாளர்களின் கைகள்தான் தோட்டங்களில் அந்த வாய்க்கால்களை வெட்டின. கிள்ளான் பள்ளத்தாக்கைக் காப்பாற்றியவர்கள் பட்டியலில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தொற்றியதாக 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து காட்டுக் கொசுக்கள் வழியாக மனிதருக்கு வரும் நோலெசி என்ற வகை இன்னும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களைப் பாதிக்கிறது. காட்டோரத்திலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களும் மலையேறப் போகும் நாமும் கவனமாக இருக்க வேண்டும். காட்டுக்குப் போய் வந்தபின் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். உடனே இரத்தப் பரிசோதனை செய்து சிகிச்சை தொடங்கினால் குணப்படுத்த முடியும்.

நம் நகரங்களில் இன்றைய எதிரி டிங்கி. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பையும் தேடாது, ஓடையையும் தேடாது. பூச்சட்டித் தட்டு, பழைய டயர், கூரைப் பீலி, மூடாத வாளி என்று நம் வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். புகை அடித்தால் பறக்கும் கொசு சாகும். தட்டில் இருக்கும் புழு சாகாது. வாட்சன் நம் தாமானுக்கு வந்தால், புகை வண்டி எப்போது வரும் என்று கேட்கமாட்டார். எந்த வகைக் கொசு, எந்தத் தண்ணீரில் என்றுதான் கேட்பார்.

போன வாரம் கிள்ளானில் ரயில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது மழை விட்டிருந்தது. வாசலில் இருந்த துளசிச் சட்டியின் தட்டில் தண்ணீர் நின்றது. குனிந்து பார்த்தேன். மூன்று நான்கு புழுக்கள் தலைகீழாகத் தொங்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. தட்டை எடுத்துக் காய்ந்த சிமெந்துத் தரையில் கவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சட்டிகளையும் பார்க்கலாமா என்று கேட்கப் போனேன்.